தேசி மரத்துப் புழுவிலிருந்து வந்த குளவி: புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: உப்புவெளி ஆசிரியை

வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். உப்புவெளியில் எங்கள் வீட்டு வளவில் ஒரு தேசி மரமும் அதையடுத்து இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளும் நிற்கின்றன. மாரி மழை ஓய்ந்து தை மாதத்தில் மரம் தளிர் விட்டதும், இளமையில் பறவை எச்சம் போலவும் வளர்ந்தபின் தளிர்ப் பச்சையாகவும் தோன்றும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் வழக்கம்போல் வந்து சேர்ந்தன. இம்முறை அவற்றுள் சில தின்பதை நிறுத்திவிட்டு, இலையின் நடுநரம்பைப் பற்றியபடி அசையாமல் கிடந்தன. மறுநாட் காலையில் பார்த்தபோது ஒவ்வொன்றின் அடியிலும் பக்கங்களிலும், அரிசிக் குறுணலை அள்ளி ஒட்டியதுபோல், வெண்ணிறச் சிறு கூடுகள் திரண்டிருந்தன. புழு அப்போதும் உயிரோடிருந்தது என்பதை மாணவர்கள் நம்ப மறுத்தார்கள். ஊசி முனையால் மெல்லத் தொட்டு, அது தலையைச் சிலுப்பியதைக் காட்டிய பின்னரே நம்பினார்கள்.

அப்படிப்பட்ட நான்கு புழுக்களைக் கூடுகளோடு எடுத்து, ஒரே ஜாம் போத்தலில் இட்டு, அதன் வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தோம். ஐந்தாம், ஆறாம் நாட்களில் கரிய உடலும் மஞ்சட் கால்களும் கொண்ட, ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளமான குளவிகள் 40க்கு மேல் வெளிவந்தன. அதன்பின் ஒரு வாரம் கழித்து, போத்தலைக் கழுவி வைக்கலாம் என்று எண்ணியிருந்த வேளையில், உலோகப் பச்சையாய் மினுங்கும், அவற்றிலும் சிறிய குளவிகள் 11 வெளிவந்தன. எல்லாவற்றையும் மருந்துக் கடையில் வாங்கிய சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டில் இட்டு வைத்திருக்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் படங்கள் பலவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கறுப்புக் குளவி எதனோடும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. பச்சைக் குளவியோ அறவே பொருந்தவில்லை. இவை இன்னும் பெயரிடப்படாத இனங்களாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் வந்துவிட்டது. என் மாணவர்கள் அதற்குமுன்பே கோணேசர் பெயரையோ ஊர்ப் பெயரையோ சூட்ட வேண்டும் என்று பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்கள். ஓர் ஒட்டுண்ணிக் குளவியைப் புதிய இனம் என்று விவரிப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும், பல்கலைக்கழகப் பதவி இல்லாத ஒருவர் அதனைச் செய்ய இயலுமா, எங்கிருந்து தொடங்குவது என்பவற்றை விடயம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: நூதனசாலைப் பழையவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பூச்சி மாதிரிகளோடு பல ஆண்டுகள் காலம் கழித்தவன் என்ற உரிமையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் ஒரு குளவியை வளர்க்கவில்லை. பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு குளவிகளை, ஒன்றின்மேல் ஒன்றாக வளர்த்திருக்கிறீர்கள். கறுப்புக் குளவி புழுவை உண்டு வளர்ந்தது. பின்னால் வந்த பச்சைக் குளவி, புழுவை அல்ல, கறுப்புக் குளவியின் குடம்பியை உண்டு வளர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒட்டுண்ணிக்கும் ஒட்டுண்ணி உண்டு. இதனைச் சோதிக்க நுணுக்குக்காட்டிகூடத் தேவையில்லை. வெறுமையான கூடுகளை எறியாமல் வைத்திருந்தால் கைவில்லையால் பாருங்கள். கூட்டின் ஒரு நுனி வட்டமாக, சிறு மூடி திறந்ததுபோல் சீராக வெட்டப்பட்டிருந்தால், கூட்டைக் கட்டியவரே வெளியேறியிருக்கிறார். பக்கவாட்டில் ஒழுங்கற்ற ஓட்டை கடிக்கப்பட்டிருந்தால் வெளியேறியவர் இரண்டாமவர். விடுகதை அவிழ்வதற்குள் பச்சைக் குளவியை "தேசி வண்ணத்துப்பூச்சியின் ஒட்டுண்ணி" என்று எழுதிவிட்டால், அந்தப் பிழையை அடுத்தவர் எடுத்தாண்டு, அதற்கடுத்தவர் அவரை எடுத்தாண்டு, நூறு ஆண்டுகளுக்கு அது உண்மைபோல் நூல்களில் நடமாடும். இத்தகைய பிழையான விருந்துவழங்கிப் பதிவுகள், அதாவது ஒட்டுண்ணி எந்த உயிரை உண்டு வளர்ந்தது என்ற பதிவுகள், இத்துறையில் ஏராளம்.

அடுத்தது, குடும்பத்தைத் தீர்மானிப்பது. கறுப்புக் குளவி நீங்கள் கூறும் விவரணைப்படி பிரகோனிடே குடும்பத்தில் மைக்ரோகாஸ்டிரினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்ததாகத் தோன்றுகிறது. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: அத்துணைக்குடும்பத்தின் அநேகமாக எல்லா இனங்களிலும் உணர்கொம்பில் 18 துண்டங்கள்தாம் இருக்கும்; விதிவிலக்குகள் மிக அரிது. பச்சைக் குளவியின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்து, சிறகில் நரம்புகள் அநேகமாக இல்லாமல், முன்விளிம்பில் ஒரேயொரு கோடு மட்டும் ஓடினால் அது கல்சிட்டொய்டியா என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அது முற்றிலும் வேறோர் உலகம். அதற்கு வேறு நிபுணர்கள், வேறு நூல்கள் உள்ளன. ஆகவே இப்போதைக்குக் கறுப்பரைப் பற்றியே பேசுவோம்.

இணையப் படங்களோடு பொருந்தவில்லை என்பது புதிய இனத்துக்கு ஒருபோதும் சான்றாகாது. 2020-இல் வெளியான உலகப் பட்டியல் மைக்ரோகாஸ்டிரினேயில் 81 சாதிகளையும் (நெருங்கிய இனங்களின் தொகுதிகள்) 2,999 இனங்களையும் கணக்கிட்டது; அவற்றுள் மிகப் பலவற்றுக்கு இணையத்தில் ஒரு நல்ல படம்கூட இல்லை. அந்தப் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலிருந்து இலங்கை, இந்தியா இரண்டிலுமிருந்து பதிவான இனங்களையும், உங்கள் தேசிப் புழுக்கள் அடங்கும் பபிலியோ சாதி வண்ணத்துப்பூச்சிகளிலிருந்து பெறப்பட்ட இனங்களையும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முதற் சந்தேகம் டிஸ்டாட்ரிக்ஸ் பபிலியோனிஸ் என்ற இனத்தின் மேல் விழ வேண்டும். பெயரே சொல்வதுபோல் அது பபிலியோ புழுக்களைத் தாக்குவது; இந்தியாவிலிருந்து முன்னரே பெயரிடப்பட்டது. உங்கள் குளவி அதுவல்ல என்று காட்ட முடிந்தால்தான் மேலே நடக்கலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் ஊர் பூச்சியியலில் கன்னி நிலம் அல்ல. 1890களின் தொடக்கத்தில் யெர்பரி என்ற பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி திருகோணமலையில் பணியிலிருந்தபோது பூச்சிகளை ஓயாமல் பிடித்து இலண்டனுக்கு அனுப்பினார். ஈக்களிலும் குளவிகளிலும் எறும்புகளிலும் அவர் பிடித்தவற்றைக் கொண்டே பல இனங்கள் முதன்முதலில் விவரிக்கப்பட்டன. ஃபோரெல் என்ற சுவிஸ் அறிஞர் 1893-இல் பாலிராக்கிஸ் சாதி எறும்பு ஒன்றுக்கு யெர்பரியின் பெயரையே சூட்டினார். அந்நாளைய நூல்களில் "திரிங்கோமலி" என்ற பழைய எழுத்துக்கூட்டில் உங்கள் ஊர்ப் பெயரைக் காணலாம். அவருக்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன், பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளர் த்வெய்ட்ஸ் அனுப்பிய இலங்கைப் பூச்சிகளுக்கு பிரான்சிஸ் வோக்கர் இலண்டனில் இருந்தபடி 1858 முதல் 1860 வரை பெயர்களை வாரி வழங்கினார். வோக்கரின் விவரணைகள் பல, இரண்டு மூன்று வரிகளில் நிறத்தை மட்டும் சொல்லி முடிந்துவிடும். அதை வைத்து இன்று யாரும் எதையும் இனங்காண முடியாது. 1874-இல் அவர் மறைந்தபோது வெளிவந்த இரங்கற் குறிப்பே, அவர் பூச்சியியலுக்குச் செய்த தீங்கு கற்பனைக்கு எட்டாதது என்று எழுதியது. இறந்தவரைப் பற்றி அப்படி எழுதுவது நம்மவர் வழக்கமல்ல. ஆயினும் அவர் விட்டுச்சென்ற சிக்கலை அவிழ்த்தவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. அவருடைய பெயர்கள் எவ்வளவு பலவீனமானவையாக இருந்தாலும் முதலில் வெளியான பெயரே நிலைக்கும் என்ற முன்னுரிமை விதிப்படி அவையே முந்தியவை. உங்கள் வளவுக் குளவி 130 ஆண்டுகளுக்கு முன்பே ஊசியில் குத்தப்பட்டு, ஊர்ப் பெயரோடு இலண்டன் பெட்டியொன்றில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி இல்லை என்று காட்டுவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி, எஞ்சியதுதான் விவரணை.

விவரணைக்கான விதிகள் விலங்கியற் பெயரீட்டுச் சட்டக்கோவையில் உள்ளன. அதன் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பட்டத்தையோ பதவியையோ கேட்பதில்லை. பெயர் இலத்தீன் எழுத்துக்களில் அமைய வேண்டும். புதிய இனம் என்று வெளிப்படையாகக் கூற வேண்டும். பிற இனங்களிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்ல வேண்டும். பெயரைத் தாங்கும் தனி மாதிரி ஒன்றை, அதாவது ஹோலோடைப்பை, குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் எழுத வேண்டும். மின்னிதழில் வெளியிட்டால், 2012 முதல் ஸூபாங்க் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்திருக்கவும் வேண்டும். விவரணையின் மொழியைச் சட்டக்கோவை கட்டாயப்படுத்தவில்லை என்பது பலருக்குத் தெரியாது; உலகில் பரவலாகப் புழங்கும் மொழியில் எழுதுவது நல்லது என்று பரிந்துரை மட்டுமே செய்கிறது. ஆகவே நீங்கள் தமிழில் எழுதினாலும் பெயர் செல்லுபடியாகும். ஆனால் அதை வாசித்துச் சரிபார்க்க வேண்டியவர் பிரேசிலிலோ கனடாவிலோ இருப்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

ஹோலோடைப் பெண்ணாக இருக்கட்டும். முட்டையிடும் உறுப்பின் உறை பின்காலின் கணைக்கால் துண்டத்தோடு ஒப்பிட எவ்வளவு நீளம், அதில் மயிர் எவ்வாறு அமைந்துள்ளது என்பவை சாதியைப் பிரிக்கவே தேவைப்படுகின்றன. ஆணை மட்டும் வைத்து விவரித்தால் பின்வருபவர்கள் உங்களை வோக்கரோடு சேர்த்துவிடுவார்கள். உடலின் நீளத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஒரு புழுவுக்குள் ஐம்பது சகோதரர் நெருக்கியடித்து வளர்ந்தால் எல்லாரும் சிறியவர்கள். பத்துப் பேர் மட்டுமென்றால் எல்லாரும் பெரியவர்கள். அதனால் நீளத்தைவிட விகிதங்களே பேசும்: முதலாம் வயிற்றுத் தகடு பின்னோக்கி அகல்கிறதா ஒடுங்குகிறதா, இரண்டாம் தகட்டின் அகலம் நீளத்தைப்போல் எத்தனை மடங்கு, நெஞ்சின் பின்முகத்தில் நடுவரம்பு ஓடுகிறதா, சிறகில் சிறு கண்ணறை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பன போன்றவை.

பதில் 2: தம்பலகாமத்து விவசாயப் போதனாசிரியர்

ரீச்சருக்கு வணக்கம். மேலே ஐயா எழுதியதற்கு அப்பால் இரண்டு விடயங்களை வயல் அனுபவத்திலிருந்து சேர்க்கிறேன்.

நான்கு புழுக்களையும் ஒரே போத்தலில் இட்டது பிழையாகிவிட்டது. எந்தக் குளவி எந்தப் புழுவிலிருந்து வந்தது என்பதை இனி யாராலும் சொல்ல இயலாது. தேசியிலும் கறிவேப்பிலையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பபிலியோ இனங்களின் புழுக்கள் மேய்கின்றன. இளம் புழுக்களை ஒன்றிலிருந்தொன்று பிரித்தறிவது எளிதல்ல. அடுத்த முறை ஒரு புழுவுக்கு ஒரு போத்தல் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுத்து, எடுத்த நாள், செடி, கூடு கட்டிய நாள், குளவி வெளிவந்த நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டு வையுங்கள். பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்து ஓடிவிடும். தாக்கப்படாத புழு ஒன்றிரண்டை வண்ணத்துப்பூச்சியாகும் வரை வளர்த்தால், விருந்துவழங்கி எது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி கிடைக்கும். வெளிவந்த குளவியை உடனே கொல்லாமல் ஒரு நாள் விட்டு வையுங்கள். சிறகு விறைத்து, நிறம் தேறிய பின்னரே அதன் உண்மையான தோற்றம் வரும்.

இரண்டாவது, இந்தப் பெயரிடும் வேலை வெறும் பொழுதுபோக்கு என்று எங்கள் அலுவலகங்களிலேயே சிலர் நினைப்பதுண்டு. 2008-இல் பப்பாசி மரங்களை வெண்பஞ்சுபோல் மூடிய மாவுப்பூச்சி இலங்கைக்குள் வந்தபோது நாம் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தடித்தும் அடங்காத அந்தப் பூச்சியை, 2009-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அசெரோஃபாகஸ் பப்பாயே என்ற சிறு குளவி அடக்கியது. அந்தக் குளவிக்குப் பெயரும் விவரணையும் கிடைத்தது 2003-இல்தான். பெயரில்லாத ஒன்றை இன்னொரு நாட்டிடம் கேட்டுப் பெறவும் முடியாது, எதைக் கொண்டுவருகிறோம் என்று தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுவும் தேசிக் குடும்பத்து மரங்களில்தான். கலிபோர்னியாவில் தோடை மரங்களைச் செஞ்செதிற்பூச்சி அழித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆசியாவில் அதனைத் தாக்கும் அஃபைட்டிஸ் சாதிக் குளவிகளைப் பார்த்தவர்கள், இவை ஏற்கெனவே கலிபோர்னியாவில் இருக்கும் கிரிசொம்ஃபாலி இனமே என்று கருதி விட்டுவிட்டார்கள். அவை வேறு இனங்கள் என்பது தெளிவாகி, லிங்னானென்சிஸ் இனம் 1940களின் இறுதியிலும், இந்தியாவிலும் பாகிஸ்தானிலுமிருந்து மெலினஸ் இனம் 1950களின் நடுவிலும் கொண்டுசெல்லப்பட்ட பின்னரே அந்தப் பூச்சி கட்டுக்குள் வந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் நடந்த ஒரு தவறுக்குத் தோட்டக்காரர்கள் பல பத்தாண்டுகள் விலை கொடுத்தார்கள். ஆகையால் உங்கள் குளவி புதியது அல்ல என்று முடிந்தாலும், அது இன்னது, திருகோணமலையில் இன்ன புழுவில் இன்ன மாதத்தில் இருந்தது என்ற பதிவு எங்களுக்குப் பயன்படும்.

பதில் 3: நிலாவெளியாள்

ரீச்சர், நான் நிலாவெளியில் பிறந்து வளர்ந்து இப்போது வெளிநாட்டில் மூலக்கூற்று உயிரியல் படிக்கிறேன். ஐயா கூறியவற்றை மதிக்கிறேன். எனினும் உருவத்தை மட்டும் நம்பி இந்தத் துணைக்குடும்பத்தில் இனம் பிரிப்பது இன்று போதாது என்பது என் கருத்து. கொஸ்தாரிக்காவில் வளர்த்தெடுக்கப்பட்ட மைக்ரோகாஸ்டிரினே குளவிகளை நிபுணர்கள் உருவத்தால் 171 இனங்களாகப் பிரித்திருந்தார்கள், 2008-இல் டி.என்.ஏ. வரிசையையும் விருந்துவழங்கித் தகவலையும் சேர்த்துப் பார்த்தபோது அவை 313 ஆயின. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை வெவ்வேறு புழுக்களைத் தேடிச் செல்லும் வெவ்வேறு இனங்களாக இருந்தன. இதற்குப் பயன்படுவது மைற்றோகொண்டிரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவின் 658 காரச் சோடி நீளமான பகுதி. பின்கால் ஒன்றைக் கொடுத்தால் போதும், குளவியின் எஞ்சிய உடல் கெடாமல் மாதிரியாக நிற்கும். ஆனால் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டில் நாட்கணக்காகக் கிடந்தவற்றில் டி.என்.ஏ. சிதைந்திருக்கக்கூடும். இனி எடுப்பவற்றில் பாதியை 95% எதனோலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மற்றப் பாதியை உருவ ஆய்வுக்கு உலர்த்தலாம். வெறுமனே காற்றில் உலர்த்தினால் இவ்வளவு சிறிய உடல் சுருங்கிப்போகும், எச்.எம்.டி.எஸ். என்ற திரவத்தில் தோய்த்து உலர்த்துவது பல ஆய்வுகூடங்களின் வழக்கம்.

அதேவேளை டி.என்.ஏ. மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. 2021-இல் அதே கொஸ்தாரிக்காவிலிருந்து 403 பிரகோனிடே இனங்கள் ஒரே கட்டுரையில் விவரிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்தது ஒரு பக்கவாட்டுப் படமும் டி.என்.ஏ. வரிசையும் மட்டுமே. அதன்மேல் எழுந்த சர்ச்சை இன்னும் அடங்கவில்லை. வோக்கரின் இரண்டு வரிகளை யாரும் பயன்படுத்த முடியாததுபோல், ஆய்வுகூட வசதி இல்லாத நாட்டில் வெறும் எழுத்து வரிசையையும் யாரும் பயன்படுத்த முடியாது என்பதே எதிர்த்தவர்களின் வாதம். உப்புவெளியில் கைவில்லையோடு நிற்கும் ஒருவரை நினைத்தால் அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வொல்பாக்கியா என்ற பக்டீரியா தொற்றினால் மைற்றோகொண்டிரிய வரிசையே தவறான கதை சொல்வதும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையோ முழுக் குளவியையோ எனக்கு அஞ்சலில் அனுப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். 1937-ஆம் ஆண்டின் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இறந்த பூச்சியாயினும் அனுமதிப் பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 2024-இல் யால பூங்காவில் பூச்சிகள் சேகரித்த இரு வெளிநாட்டவருக்கு நீதிமன்றம் ஆறு கோடி ரூபாய் தண்டம் விதித்ததை நீங்கள் செய்திகளில் கண்டிருப்பீர்கள். வீட்டு வளவில் புழு வளர்ப்பது வேறு. புறாத்தீவிலோ காட்டிலோ மாணவர்களை அழைத்துச் சென்று வலை வீசுவது வேறு. ஆய்வு என்று தொடங்குமுன் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு எழுதி அனுமதி பெற்று, நாட்டுக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தோடு சேர்ந்து செய்வதே பாதுகாப்பான வழி.

கேள்வியாளரின் பதில்: உப்புவெளி ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. போத்தலைக் கழுவாமல் விட்ட சோம்பல் இம்முறை உதவியது. கூடுகளை எடுத்து, மாணவர் இருவரும் நானுமாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 43 கூடுகளில் நுனி மூடிபோல் சீராகத் திறந்திருந்தது. 9 கூடுகளில் பக்கவாட்டில் கிழிந்ததுபோல் ஓட்டை இருந்தது. எஞ்சிய சில திறக்கவே இல்லை. ஐயா கூறியபடியே பச்சைக் குளவி இரண்டாமவர்தான் என்பது மாணவர்களுக்கே விளங்கிவிட்டது. ஆனால் பச்சைக் குளவிகள் 11, கிழிந்த கூடுகள் 9 என்பதால் கணக்கு உதைக்கிறது.

பாடசாலை நுணுக்குக்காட்டியில் கைத்தொலைபேசியைப் பொருத்திப் படம் எடுத்து ஏழு கறுப்புக் குளவிகளின் உணர்கொம்புத் துண்டங்களை எண்ணினோம். ஆறில் 18 வந்தது. ஏழாவதில் நுனி முறிந்திருந்தது. மூன்று மாணவர் தனித்தனியே எண்ணி, முதலில் 17, 18, 19 என்று மூன்று விடை சொன்னார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடித்துண்டத்தை எண்ணுவதா விடுவதா என்று முடிவு செய்த பின்னரே ஒன்றுபட்டார்கள்.

பெயர்ப் பட்டியல் இப்போதைக்கு மடித்து வைக்கப்பட்டுள்ளது. கறிவேப்பிலைக் கன்றில் மீண்டும் புழுக்கள் வந்திருக்கின்றன. ஐந்து போத்தல்களில் ஐந்து புழுக்களை வைத்திருக்கிறோம். யெர்பரியின் பழைய மாதிரிகளோடு ஒப்பிட இங்கிருந்து ஏதேனும் வழி உண்டா என்பதையும், ஹோலோடைப்பை எங்கே வைப்பது என்பதையும் மட்டும் கூறுங்கள்.

பதில் 4: நூதனசாலைப் பழையவர்

கணக்கு உதைப்பதில் வியப்பில்லை. கல்சிட்டொய்டியாக் குளவிகளுள் சில ஒரே கூட்டில் இரண்டு மூன்றாக வளர்ந்து, ஒருவர் கடித்த ஓட்டையாலேயே மற்றவரும் வெளியேறிவிடும். திறவாத கூடுகளைப் பிளந்து பாருங்கள். உள்ளே இறந்து கிடப்பவை பெரும்பாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். 17, 18, 19 என்று மூன்று விடை வந்தது எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணும் முறையை ஒருவரும் கேள்வி கேட்காமல் எல்லாரும் 18 என்று சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

பழைய மாதிரிகளைப் பார்க்க இலண்டனுக்குப் போக வேண்டியதில்லை. அங்குள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையின் ஹைமனோப்டெரா (குளவி, தேனீ, எறும்பு வரிசை) பொறுப்பாளருக்கு எழுதினால் வகைமாதிரிகளின், அதாவது பெயரைத் தாங்கும் மாதிரிகளின், படங்களைக் கேட்டுப் பெற வாய்ப்பு உண்டு. எழுதும்போது "எனக்கு ஒரு புதிய இனம் கிடைத்துள்ளது" என்று தொடங்காதீர்கள். அத்தகைய மடல்கள் அவர்களுக்கு நாள்தோறும் வருகின்றன. "இன்ன சாதியில் இன்ன இனத்தின் ஹோலோடைப்பில் இரண்டாம் வயிற்றுத் தகட்டின் விகிதத்தை அறிய விரும்புகிறேன்" என்று கேளுங்கள்; அதற்கு விடை வரும். பழைய நூல்களைப் பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். தேடும்போது ஊர்ப் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டுகளையும் இட்டுப் பாருங்கள்.

ஹோலோடைப் இங்கேயே இருக்கட்டும் என்பது என் பிடிவாதமான விருப்பம். 1877-இல் நிறுவப்பட்ட கொழும்பு தேசிய நூதனசாலையில் பூச்சிச் சேகரிப்பு உண்டு. துணை மாதிரிகள் சிலவற்றை, உரிய அனுமதியோடு, வேறொரு நாட்டு நூதனசாலையிலும் வைப்பது நல்லது. தீயோ கறையானோ எதுவும் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடாது.

பெயரைப் பொறுத்து ஒரு வேண்டுகோள். மாணவர்கள் தெரிவு செய்த பெயரை இங்கோ வேறெங்கோ எழுதிவிடாதீர்கள். இங்கே எழுதினால் அது சட்டப்படி பெயராகாது. ஆனால் விவரணையின்றி உலவத் தொடங்கும் வெற்றுப் பெயர் பின்னாளில் குழப்பம் விளைவிக்கும். ஊர்ப் பெயரோடு "என்சிஸ்" சேர்ப்பதென்றால், சாதிப் பெயர் இலத்தீன் இலக்கணத்தில் ஆண்பாலோ பெண்பாலோ அல்லாத மூன்றாம் பாலாக இருக்கும்போது அது "என்சே" என்று மாறும். தமிழ்ச் சொல்லை அப்படியே பெயர்ச்சொல்லாக வைத்தால் எந்த மாற்றமும் தேவையில்லை. அதே சாதியில் அதே பெயரை வேறொருவர் முன்பே பயன்படுத்தியிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். திருகோணமலையிலிருந்து பூச்சி பிடித்தவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சூட்டும் ஆசை உங்களுக்கு முன்பே வந்திருக்கக்கூடும்.

கேள்வியாளரின் பதில்: உப்புவெளி ஆசிரியை

நன்றி, ஐயா. திறவாத கூடுகள் ஆறு இருந்தன, இன்று பிளந்தோம். நான்கில் கறுப்புக் குளவி முழு வளர்ச்சியோடு இறந்து கிடந்தது. ஒன்றில் வெறும் தூள். ஆறாவதில் கறுப்புக் குளவியின் குடம்பித் தோலும், அதனோடு ஒட்டியபடி இரண்டு பச்சைக் கூட்டுப்புழுக்களும் இருந்தன. மூன்றாம் இலக்கப் போத்தலில் உள்ள புழு நேற்றிலிருந்து தின்னவில்லை. நாளையும் திகதியும் பென்சிலால் எழுதி உள்ளே போட்டாயிற்று.